வராத மைல்களும் வழிமாறிய பெயர்களும்

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்குவேர் ரயில் நிலையத்தையும் நியூவார்க் அவென்யூவின் இந்திய மளிகைக் கடைகளையும் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிவந்து, பெட்டிகளைப் பிரித்து, வடகத்தையும் ஊறுகாயையும் அவற்றுக்குரிய அலமாரியில் சேர்த்து, இரவும் பகலும் இடம்மாறிப்போன தூக்கம் ஒருவாறு சீர்பட்ட பின்னர், விமானக் கம்பெனியின் அங்கத்தினர் கணக்கைத் திறந்து பார்க்கும்போது, நியூவார்க்கிலிருந்து ஐரோப்பா வரையில் பறந்த மைல்கள் வந்திருக்க, ஐரோப்பாவிலிருந்து சென்னை வரையில் பறந்த மைல்கள் மட்டும் வராமலிருப்பதைக் கண்டு திகைப்பது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. அப்படித் திகைப்பவர்களில் பலர், 'போனால் போகிறது' என்று கணக்கை மூடிவிடுகிறார்கள். அவ்வாறு மூடிவிடுவது தவறு என்பதும், அந்த மைல்கள் வராமற்போவதற்குத் தமிழர்களாகிய நமக்கே உரிய ஒரு விசேஷக் காரணம் இருக்கிறது என்பதும், அந்தக் காரணத்தை நாம் சரிசெய்துகொள்ளாவிட்டால் மைல்களைவிடப் பெரிய சங்கடங்கள் நம்மைத் தொடர்ந்து வரும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

பூகோளத்திலிருந்து தொடங்குவோம். நியூவார்க் விமான நிலையம் ஜெர்சி சிட்டிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், அங்கிருந்தோ அமெரிக்காவின் வேறெந்த நகரத்திலிருந்தோ சென்னைக்கு நடுவில் இறங்காமல் செல்லும் விமானம் கிடையாது. தில்லிக்கும் மும்பைக்கும் போகிற குஜராத்திகளும் பஞ்சாபிகளும் ஒரே விமானத்தில் ஏறி ஒரே விமானத்தில் இறங்கிவிடலாம். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் திருச்சிக்கும் போகவேண்டியவர்களுக்கு பிராங்க்பர்ட், லண்டன், துபாய், தோஹா, அபுதாபி, சிங்கப்பூர் என்று ஏதேனும் ஓரிடத்தில் மாறி ஏறுவது தவிர்க்க முடியாத நியதி. மாறி ஏறும்போது பெரும்பாலும் கம்பெனியும் மாறுகிறது. டிக்கெட்டை விற்றவர் ஒருவர், முதல் விமானத்தை ஓட்டுகிறவர் இன்னொருவர், இரண்டாவது விமானத்தை ஓட்டுகிறவர் மூன்றாமவர், நாம் மைல் சேர்க்கும் கணக்கோ நான்காமவரிடம் என்ற நிலைமை கூட உண்டு. இத்தனை கைகள் மாறும் கணக்கில் ஏதேனும் ஒரு கை தவறவிட்டால் நஷ்டம் பிரயாணிக்குத்தான்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உண்டானதன்று. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில் விமானக் கட்டணங்களின் மீதிருந்த சர்க்கார் கட்டுப்பாடு நீங்கியதும், போட்டியில் வாடிக்கைக்காரர்களைத் தக்கவைத்துக்கொள்ள, டெக்சாஸைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ஆம் தேதி தன் மைல் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே மாதத்தில் யுனைடெட்டும் தொடங்கிற்று. 1997 மே 14-ஆம் தேதி ஏர் கனடா, லுஃப்தான்சா, எஸ்.ஏ.எஸ்., தாய், யுனைடெட் என்ற ஐந்து கம்பெனிகள் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியை அமைத்த பிறகுதான், ஒருவருடைய விமானத்தில் பறந்து மற்றொருவருடைய கணக்கில் மைல் சேர்க்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. 1999-இல் ஒன்வேர்ல்டும் 2000-இல் ஸ்கைடீமும் தோன்றின. கத்தார் ஏர்வேஸ் 2013 அக்டோபரிலும், ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்திலும் ஒன்வேர்ல்டில் சேர்ந்தன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் சேராமல், 2022 செப்டம்பரில் யுனைடெட்டுடன் தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆக, சென்னைக்குப் போகும் வழிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இன்று ஏதேனும் ஒரு கூட்டாளி உறவு குறுக்கிடுகிறது.

நஷ்டத்தின் அளவை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நியூவார்க்கிலிருந்து பிராங்க்பர்ட் ஏறத்தாழ 3,860 மைல். பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 4,700 மைல். போக வர இரண்டாவது பகுதி மட்டும் 9,400 மைல். தகப்பன், தாய், இரண்டு குழந்தைகள் என்று நால்வருக்குமாக 37,600 மைல். கூட்டாளிக் கம்பெனியின் அட்டவணையில் அந்த டிக்கெட்டின் வகுப்புக்குப் பாதி மைல்தான் என்று இருந்தாலும் 18,800 மைல். ஊரில் ஒரு கல்யாணமோ, நினைக்கவே மனம் கூசும் ஒரு துக்கமோ நேர்ந்து, கடைசி நிமிஷத்தில் ஓடவேண்டி வரும்போது, கையில் சேர்ந்திருக்கும் மைல்கள் எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

மைல்கள் தவறும் விதங்கள்

மைல்கள் வராமற்போவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று உண்டு. அவற்றை விரைவில் சொல்லிவிட்டு, நம்முடைய விசேஷக் காரணத்துக்கு வருகிறேன்.

முதலாவது, டிக்கெட்டின் வகுப்பு. எகானமி என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதற்குள் ஒய், பி, எம், ஹெச், கே, எல் என்று பல எழுத்துகள் இருக்கின்றன; சில எழுத்துகளுக்கு முழு மைல், சிலவற்றுக்குப் பாதி, சிலவற்றுக்குக் கால், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஏஜெண்டுகள் மொத்தமாக வாங்கி மலிவாக விற்கும் டிக்கெட்டுகள் பல சமயங்களில் இந்தக் கடைசி ரகத்தைச் சேர்ந்தவை. டிக்கெட்டை விற்றவர் யார் என்பதும் முக்கியம். டிக்கெட் எண்ணின் பதின்மூன்று இலக்கங்களில் முதல் மூன்றைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்: 016 என்றால் யுனைடெட், 220 என்றால் லுஃப்தான்சா, 098 என்றால் ஏர் இந்தியா, 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 157 என்றால் கத்தார். 2015 முதல் அமெரிக்கக் கம்பெனிகள் தாங்கள் விற்ற டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்தும், கூட்டாளி விற்ற டிக்கெட்டுக்குத் தூரத்தையும் வகுப்பையும் வைத்தும் மைல் கணக்கிடத் தொடங்கியிருப்பதால், பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து பறந்த இருவருக்கு வெவ்வேறு மைல் வருவது முற்றிலும் சாத்தியம்.

இரண்டாவது, அங்கத்தினர் எண் வழியில் விழுந்துபோவது. முன்பதிவில் நாம் கொடுத்த எண், எஃப்.க்யூ.டி.வி. என்ற குறிப்பாக, விமானத்தை ஓட்டும் கம்பெனிக்குப் போய்ச் சேரவேண்டும். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அதை மற்றொரு கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் விட்டால், போர்டிங் பாஸில் அந்த எண் அச்சாகாது. போர்டிங் பாஸில் எண் இல்லையென்றால் கணக்கிலும் மைல் வராதென்று அப்பொழுதே தீர்மானித்துக்கொண்டு, கவுண்டரில் இருப்பவரிடமே எண்ணைச் சொல்லிச் சேர்க்கச் செய்வதுதான் விவேகம்.

மூன்றாவது, வழி மாறுவது. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டபோதும், 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் ஓடுபாதை நீரில் நின்றபோதும், நியூவார்க்கில் பனிப்புயல் வீசும் ஒவ்வொரு குளிர்காலத்திலும், பிரயாணிகளை வேறு விமானத்தில், வேறு கம்பெனியில், வேறு வகுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தில் பழைய முன்பதிவின் விவரங்கள் புதியதற்கு வருவதில்லை. அப்போது முதலில் வாங்கிய டிக்கெட்டின் வழிப்படியே மைல் தரவேண்டும் என்று கேட்கும் வழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது; கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

நம்முடைய பெயர்

இம்மூன்றும் உலகத்தார் எல்லோருக்கும் பொது. நான்காவது காரணம்தான் நம்மை வாட்டுகிறது. அது நம்முடைய பெயர். ஓட்டிய கம்பெனி அனுப்பும் பட்டியலிலுள்ள பெயரும், கணக்கிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், எண் சரியாக இருந்தாலும் கணக்கு மைலை ஏற்க மறுத்துவிடும். மேல்நாட்டார் பெயர் முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளில் அடங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக அதே குடும்பப்பெயர் வரும். நம் சம்பிரதாயமோ, தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தன் பெயரைத் தன்னந்தனியாக நிறுத்துவது. அந்த முதலெழுத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்ற கேள்வியில்தான் சங்கடம் பிறக்கிறது.

காரைக்குடிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் சு. வள்ளியப்பன். பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்தே எழுதவேண்டுமென்பது விதியாதலால், வள்ளியப்பன் முன்பெயராகவும் சுப்பையா குடும்பப்பெயராகவும் ஆகின்றன. அல்லது குடும்பப்பெயர் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு, வள்ளியப்பன் சுப்பையா என்ற இரண்டையும் முன்பெயர் பெட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது விதமான பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசாவுக்குப் போனால், முழுப்பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குத் தள்ளப்பட்டு, முன்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று, அதாவது முன்பெயர் தெரியாது என்று, அச்சாகிவிடுகிறது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்த மனிதருக்கு, முன்பெயர் தெரியாது என்று விசாவில் எழுதியிருக்கும்! ஜெர்சி சிட்டியின் எக்ஸ்சேஞ்ச் பிளேஸில் வேலைபார்க்கும் அவருடைய குமாரர், தகப்பனாருக்கு மைல் கணக்குத் திறக்கும்போது, சிறு வயதிலிருந்து பழகிய முறையில் வள்ளியப்பன் எஸ். என்று எழுதுகிறார். டிக்கெட் போட்டவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, பெயரை இரண்டாகப் பிரித்துப் போடுகிறார். போர்டிங் பாஸில் 'சுப்பையா/வள்ளியப்பன்எம்ஆர்' என்று, மரியாதைச் சொல்லும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மனிதர் ஒருவர், கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று பேர்.

பெண்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர்; புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர்; கல்லூரி நாளில் திறந்த மைல் கணக்கிலோ பழைய பெயரே நின்றுகொண்டிருக்கும். குடும்பத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தாலும் அப்படியே. பாட்டனாருக்குக் குடும்பப்பெயர் சுப்பையா, தகப்பனாருக்கு வள்ளியப்பன், பேரனுக்குத் தகப்பனுடைய பெயர் என்று மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப்பெயர்கள் வரும்போது, ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் கம்ப்யூட்டருக்கு அந்நியர்களாகத் தோன்றுகிறார்கள். குடும்பத்தினர் மைல்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை யுனைடெட் 2024 முதல் கொடுத்திருக்கிறது. அந்த வசதி நமக்குப் பயன்படவேண்டுமானால், முதலில் ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் பெயர் சரியாக இருந்தாக வேண்டும்.

இந்தச் சங்கடம் நம்மோடு நிற்பதுமன்று. ஐஸ்லாந்துக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் தகப்பன் அல்லது தாயின் பெயரையே பின்னொட்டாக வைத்துக்கொள்கிறார்கள். பர்மாக்காரர்களுக்குக் குடும்பப்பெயர் என்பதே இல்லை. இந்தோனேஷியாவின் முதல் இரண்டு ஜனாதிபதிகளும் ஒற்றைப் பெயரோடு உலகத்தை வலம்வந்தவர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஒரே ஒரு இடந்தான். அதனால் அங்குள்ள தமிழர்கள் தகப்பனார் பெயரை இன்னாருடைய மகன், மகள் என்ற குறியோடு தங்கள் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொண்டு, இரண்டையும் காப்பாற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்களை ஒதுக்கும் சர்வதேச விதியும், ஒரே பெயர் உடையவர்களை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. சர்வதேச விதியே ஏற்கும் பெயரை, மைல் கணக்கின் விண்ணப்பம் இரண்டு பெட்டிகளையும் நிரப்பினாலொழிய ஏற்பதில்லை என்பது நியாயமாகாது.

பெயர்ப் பொருத்தம் பார்ப்பது ஒருவர் மைலை இன்னொருவர் அபகரிக்காமல் தடுப்பதற்கே என்று கம்பெனித் தரப்பில் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மோசடியைத் தடுக்கப் போட்ட வேலி, தமிழ்நாட்டு ஆசிரியரைத் தடுத்து நிறுத்துமானால், வேலியின் வாயிலைத் திருத்தி அமைக்கவேண்டியது வேலி போட்டவர்களின் கடமை.

மைல் போவது சிறு நஷ்டம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதி இல்லை என்று அறிவித்து, பின்னர் தகப்பனார் பெயரோ குடும்பப்பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வங்கிக் கணக்கு, வாகன லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று எங்கெங்கும் இதே பெயர்ச் சங்கடம் காத்திருக்கிறது. வராத மைல், அந்தப் பெரிய வியாதியின் முதல் அறிகுறி. அதனால்தான் அதை அலட்சியம் செய்யக்கூடாதென்கிறேன்.

பெற்றோரின் ஆறு மாதம்

ஜெர்சி சிட்டியின் வீடுகளில், மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வருகை விசாவில் வருகிறவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. பலர் அந்த ஆறு மாதமும் தங்கி, பேரக்குழந்தையைக் கவனித்துக்கொண்டு, பிறகே திரும்புகிறார்கள். வராத மைல்களைக் கேட்டுப் பெறுவதற்கும் காலக்கெடு உண்டு: சில திட்டங்களில் ஓராண்டு, பலவற்றில் பறந்த நாளிலிருந்து ஆறே மாதம். பெற்றோர் ஊருக்குத் திரும்பி, இரு வழி மைல்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் காத்திருந்தால், வந்த வழியின் மைல்களுக்குரிய அவகாசம், திரும்பும் விமானம் நியூவார்க்கில் கிளம்பும் வாரத்திலேயே கழிந்துபோகிறது. வந்த வழிக்கு அவர்கள் வந்த மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். போன வழிக்குப் பிறகு கேட்கலாம்.

ஆதாரங்களும் அவர்களிடமே காணாமற்போகின்றன. காகித டிக்கெட்டுகள் 2008 ஜூன் 1-ஆம் தேதியோடு உலகம் முழுவதும் நீங்கிவிட்டன. அதற்குமுன் டிக்கெட் புஸ்தகத்தின் அடிச்சீட்டே கைப்பொருளாக இருந்தது. இப்போது போர்டிங் பாஸ் கைப்பேசியில் வருகிறது. விமானம் கிளம்பிய சில மணி நேரத்தில் அது திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு எப்போதும் கவுண்டரில் காகிதத்திலேயே போர்டிங் பாஸ் வாங்கிக்கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையை, இறங்கியதும் குப்பைக் கூடையில் போட்டுவிடாமல், பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும்படி புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். இறங்கி வந்த அன்றே அதைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அதிலுள்ள மை சில மாதங்களில் மங்கிவிடும்.

கேட்டுப் பெறும் முறை

விண்ணப்பம் செய்வது கடினமான காரியமல்ல. பறந்த பிறகு சுமார் இரண்டு வாரம் பொறுத்திருந்து, ஒவ்வொரு விமானப் பகுதிக்கும் தனித்தனியாக மைல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், விமானத்தை ஓட்டிய கம்பெனியிடம் போகவேண்டாம். எந்தக் கணக்கில் மைல் சேரவேண்டுமோ அந்தத் திட்டத்தாரிடமே கேட்கவேண்டும். பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு லுஃப்தான்சாவில் பறந்து, கணக்கு யுனைடெட்டில் இருந்தால், கேட்கவேண்டிய இடம் யுனைடெட். விமானத்தின் எண், தேதி, புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், வகுப்பின் எழுத்து, ஆசன எண், எல்லாவற்றுக்கும் மேலாகப் பதின்மூன்று இலக்க டிக்கெட் எண் ஆகியவற்றைக் கொடுக்கவேண்டும். முன்பதிவின் ஆறெழுத்துக் குறியான பி.என்.ஆரை டிக்கெட் எண் என்று எண்ணிக்கொண்டு அதை எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு, அது போதாது. டிக்கெட் எண், மின்னஞ்சலில் வந்த ரசீதில், பெயருக்கு அருகில் இருக்கும். குடும்பத்தில் நால்வர் பறந்திருந்தால் டிக்கெட் எண்ணும் நான்கு. குழந்தையின் கணக்குக்குத் தகப்பனாரின் எண்ணை எழுதக்கூடாது.

கோட்ஷேர் விமானங்களில் கொஞ்சம் அதிக எச்சரிக்கை தேவை. ஒரே விமானத்துக்கு விற்றவர் கொடுத்த எண் ஒன்றும், ஓட்டியவர் கொடுத்த எண் ஒன்றுமாக இரண்டு எண்கள் இருக்கும். ரசீதில் ஒன்றும் போர்டிங் பாஸில் மற்றொன்றும் அச்சாகியிருக்கலாம். விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிட்டுவிடுவது உத்தமம். ஒரு விமானப் பகுதியின் மைலை ஒரே ஒரு கணக்கில்தான் சேர்க்கலாம் என்பதையும், தவறான கணக்கில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அதைப் பெயர்த்தெடுத்து வேறு கணக்கில் வைப்பது அநேகமாக நடவாத காரியம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் பொருந்தாததால் மறுத்தார்கள் என்றால், மைலுக்குப் போராடுவதற்கு முன் கணக்கின் பெயரைத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் பிரதியை இணைத்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, கணக்கில் மாற்றித் தரும்படி கேட்டால் மாற்றிக்கொடுக்கிறார்கள். குடும்பப்பெயர் வெறுமையாக உள்ளவர்கள், டிக்கெட்டில் எந்த முறையில் பெயர் அச்சாகிறதோ, அதே முறையில் கணக்கிலும் எழுதவேண்டும். ஒரே பெயரை இரண்டு பெட்டிகளிலும் இரட்டித்து எழுதினால், டிக்கெட்டிலும் கணக்கிலும் இரட்டித்தே எழுதவேண்டும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள், கல்யாணச் சான்றிதழை இணைத்து, பழைய கணக்கை மூடாமல் அதிலேயே பெயரை மாற்றிக்கொண்டால், சேர்ந்திருந்த மைல்களும் போகாமல் இருக்கும்.

கடன் அட்டை ஒன்றை வாங்கினாலே இதைப்போலப் பன்மடங்கு புள்ளிகள் வரும்போது, இந்தச் சில்லறை மைல்களுக்கு ஏன் மாலைப்பொழுதைச் செலவிடவேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்; அது அவரவர் சௌகரியத்தைப் பொறுத்தது. ஆனால், அமெரிக்காவில் கடன் அட்டை வாங்க இயலாத பெற்றோருக்கு, அவர்கள் முதுகு வலிக்க உட்கார்ந்து பறந்து சம்பாதித்த மைலைத் தவிர வேறு மைல் கிடையாது என்பதை அவ்விளைஞர்கள் யோசிக்கவேண்டும்.

சட்டத்தின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-இல் ஒரு வழக்கில், மைல் திட்டத்தின் ஒப்பந்தத்தை மீறினால் அங்கத்தினர் வழக்குத் தொடுக்கலாம் என்றது. மாநிலச் சட்டங்களின் பிற உபாயங்களுக்குக் கதவை அடைத்தது. 2014 ஏப்ரலில், அடிக்கடி முறையிட்டதாகக் கூறி நீக்கப்பட்ட ஓர் அங்கத்தினரின் வழக்கில், ஒப்பந்தத்தில் எழுதாத நல்லெண்ணக் கடமையைக் காட்டிக் கோரமுடியாது என்று தீர்ப்பளித்தது. போக்குவரத்து இலாகாவிடம் முறையிடும் வழி இருக்கிறதென்பதையும் சுட்டிக்காட்டிற்று. அந்த இலாகா 2024 செப்டம்பரில் நான்கு பெரிய விமானக் கம்பெனிகளின் மைல் திட்டங்களைப் பற்றித் தகவல் கோரியது. ஆகையால், எழுதிய விதி எதுவோ அதுவே நம் பலம். விதியில் சொன்ன கெடுவுக்குள், விதியில் சொன்ன ஆதாரத்தோடு கேட்பவர்களுக்கே சட்டமும் துணைநிற்கும்.

இனி, என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கே மீண்டும் வருகிறேன். இந்தத் தொந்தரவுகளைக் கண்டு சலித்துப்போய், நம் பெயர் முறையையே விட்டுவிடலாமென்று தீர்மானிக்கும் பெற்றோர்கள் இங்கே பெருகிவருகிறார்கள். பிறக்கும் குழந்தைக்குத் தகப்பனாரின் பெயரை விட்டுப் பாட்டனாரின் பெயரை நிரந்தரக் குடும்பப்பெயராக்கி விடுகிறார்கள். வேறு சிலர், நம் முன்னோர்கள் ஒரு பெரிய சமூக இயக்கத்தின் பலனாகப் பெயரிலிருந்து கழற்றி எறிந்த ஜாதிப் பட்டத்தை, பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பச் சூட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது காரியம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. விண்ணப்பத்திலுள்ள ஒரு காலிப் பெட்டியை நிரப்புவதற்காக, நூறு வருஷத்துச் சீர்திருத்தத்தை விட்டுக்கொடுப்பது எந்த மைலுக்கும் ஈடாகாத நஷ்டம். விண்வெளியில் 1999 முதல் சுற்றிவரும் எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கு அமெரிக்கர்கள் சந்திரா என்று பெயரிட்டார்கள்; சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற விஞ்ஞானியின் பெயரில் தகப்பனார் பெயர் எது, அவர் பெயர் எது என்பதை அவர்கள் சரியாகவே தெரிந்துகொண்டார்கள். விசுவநாதன் ஆனந்தை உலகச் சதுரங்க அரங்கம் இன்று ஆனந்த் என்றே அழைக்கிறது. நம் முறையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் உலகம் புரிந்துகொள்ளும் என்பதற்கு இவர்களே சாட்சி.

ஆகையால் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த வாரத்திலேயே வீட்டிலுள்ள அத்தனை பாஸ்போர்ட்டுகளையும் மேஜைமேல் பரப்பி, ஒவ்வொருவர் மைல் கணக்கிலும் பெயர் அதே வரிசையில், அதே எழுத்துகளில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த டிக்கெட் எடுப்பதற்கு முன் திருத்துங்கள். கடைசியாகப் பறந்த ஒவ்வொரு பகுதிக்கும் மைல் வந்ததா என்று பாருங்கள். கெடு மிச்சமிருந்தால் உடனே கேளுங்கள். ஊரிலுள்ள பெற்றோருக்குப் புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போது, தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயர் பெட்டியில் போட்டு, இரண்டு பெட்டிகளையும் நிரப்பச் சொல்லுங்கள். ஜாதிப் பட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அங்கே ஏற்றாதீர்கள். கம்பெனிகளுக்கு எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், ஒற்றைப் பெயருடையவர்களுக்கும் இடம்தரும்படி ஒரு வரி சேர்த்தே எழுதுங்கள். பலரும் எழுதினால் விண்ணப்பங்கள் மாறியே தீரும்.